டிஎன்ஏவில் புரதம் ஒட்டினால் ஜீன் எப்படி இயங்குகிறது, அடங்குகிறது? மனித உடலில் இதற்கு உதாரணம் உண்டா?

நீங்கள் பிளஸ் டூ மாணவர் என்று நினைக்கிறேன். பாடத்தில் வரும் லாக் ஓப்பரான் (பால் சர்க்கரையைச் சிதைக்க உதவும் ஜீன்களின் தொகுதி) பாக்டீரியாவின் கதை. மனித உதாரணம் கேட்டதால்தான் எழுதுகிறேன். எனக்கு வலது கையில் இரண்டு கட்டைவிரல்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம். அம்மா மாசமாக இருந்தபோது கிரகண நேரத்தில் அரிவாள்மனையில் மீன் அரிந்தாராம், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று அப்பத்தா சாகும்வரை சொன்னார். இத்தனைக்கும் அப்பத்தாவின் தம்பிக்கும் என் சித்தப்பாவுக்கும் இதே விரல். பழி மட்டும் மருமகளுக்கு. நான் விலங்கியல் படிக்கப் போனதே இந்த ஆத்திரத்தில்தான். (இப்போது செய்வது நண்டு வியாபாரம். 'நீ என்ன டாக்டரா' என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

சரி. கருவில் கை முளைக்கும்போது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஜீன் சுண்டுவிரல் பக்கம் மட்டும் இயங்க வேண்டும். அதை இயக்கும் சுவிட்ச், அதாவது ஒரு டிஎன்ஏ துண்டு, சுமார் 10 லட்சம் எழுத்துகள் (டிஎன்ஏவின் A, T, G, C) தள்ளி, வேறொரு ஜீனுக்குள் கிடக்கிறது. டிஎன்ஏ மடங்கித்தான் இரண்டும் நெருங்குகின்றன. எல்லாச் செல்லிலும் டிஎன்ஏ ஒன்றுதான்; சுவிட்சில் எந்தப் புரதம் உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம். இந்தப் புரதங்கள் சில எழுத்துகளே கொண்ட ஒரு வரிசையை அடையாளம் கண்டு, டிஎன்ஏ முறுக்கின் பள்ளத்தில் பொருந்துகின்றன. தூண்டும் புரதம் வேறு புரதங்களைக் கூட்டிவந்து, ஜீனின் தொடக்கத்தில் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதி ஜீனை ஆர்என்ஏவாகப் படியெடுக்க வழி செய்கிறது. கட்டைவிரல் பக்கம் அடக்கும் புரதங்கள் அதைத் தடுக்கின்றன.

சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும். சிலருக்கு அந்த மாற்றத்தால் தூண்டும் புரதம் பிடிக்கத் தோதான இடம் உண்டாகி, கட்டைவிரல் பக்கமும் ஜீன் இயங்கிவிடும். விரல் கூடிவிடும். ஜீனில் ஒரு எழுத்தும் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2003-ல் இது வெளியானது. அமெரிக்காவின் கீ வெஸ்ட் ஊரில் உள்ள ஆறு விரல் பூனைகளுக்கும் இதே சுவிட்சில்தான் மாற்றம். அங்கே எந்தப் பூனை கிரகணத்தில் மீன் அரிந்ததோ!

எல்லா ஆறாவது விரலுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. வேறு ஜீன்களாலும் வரும். என் டிஎன்ஏவைச் சோதித்ததும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்பது மட்டும் நிச்சயம்.

இதைவிடக் கொடுமை கைரேகை. எங்கே போனாலும் 'எந்தக் கட்டைவிரல் சார்?' என்பார்கள். பதியும்போது பெரிய விரலை வைக்கச் சொல்வார் ஒருவர், சரிபார்க்கும்போது சின்னதைக் கேட்பார் இன்னொருவர், அப்புறம் பொருந்தவில்லை என்று என்னையே முறைப்பார்கள்.

பரீட்சைக்கு என்றால் லாக் ஓப்பரானையே எழுதுங்கள். மார்க் அதற்குத்தான்.