ஓடையில் பிடித்த மீன் தொட்டியில் ஏன் சாகிறது?

கேள்வி: கடையம் பக்கம் மலையடிவாரத்தில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறேன். வயலோர ஓடையில் என் மகன் கொசுவலையால் 20 மீன் பிடித்து, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் விட்டான். கடையில் வாங்கிய இரண்டு கோல்டுபிஷ்ஷும் அதே தொட்டியில்தான் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர், தினமும் முழுவதையும் மாற்றுகிறோம். ஏர் மோட்டார் சத்தம் போடுவதால் இரவில் நிறுத்திவிடுவோம். மூன்று நாளில் 11 மீன் போய்விட்டது, எல்லாமே விடியற்காலையில். மீதியைக் காப்பாற்ற முடியுமா? குஞ்சு பொரிக்கவைத்து விற்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம் ஐயா. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செத்த மீன்களின் உடம்பில் புண் இல்லை, பஞ்சு மாதிரி பூசணம் இல்லை, துடுப்பும் அரிக்கவில்லை. வாய் பிளந்து, செவுள்மூடி விரிந்து கிடக்கின்றன. மூச்சு முட்டிச் செத்த மீன் இப்படித்தான் இருக்கும். மருந்து எதையும் வாங்கி ஊற்றிவிடாதீர்கள்.

முதல் வேலையாக, இன்று இரவு மோட்டாரை நிறுத்தாதீர்கள். கல்லில் மோதி நுரைத்து வரும் தண்ணீரிலேயே வளர்ந்த மீன்கள் இவை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரை. ஓடையில் அது குறையக் குறைய நிரம்பிக்கொண்டே இருக்கும். தொட்டியில் மோட்டார் நின்றதும் நிரப்ப ஆளில்லை. விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், இவற்றுக்கு அந்த வழி கிடையாது. குட்டையில் கட்லா விடிகாலையில் மேலே வந்து வாயைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. மோட்டாருக்கு அடியில் பழைய துணியை நாலாக மடித்து வைத்தால் பாதிச் சத்தம் அடங்கும். கரன்ட் போகும் ஊர் என்பதால் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளைப் பொசுக்கும். வாளியில் பிடித்து ஏர் குழாயைப் போட்டு ஒருநாள் வைத்திருந்து ஊற்றுங்கள். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுவதை நிறுத்துங்கள். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவை ஒருவகைப் பாக்டீரியாதான் தின்று தீர்க்கும். அது கல்லிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் கோல்டுபிஷ்ஷை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அந்த அறையில் கொசுவிரட்டி எரிகிறதா? சைபர்மெத்ரின் பூச்சிமருந்து அடித்த வயல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால் மீன் செத்து மிதக்கும் அல்லவா? சுவரில் செருகும் கொசுவிரட்டியில் இருப்பதும் அதே பைரித்ராய்டு வகை மருந்துதான். ஏர் மோட்டார் அறைக்காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டியை ஏற்றவே கூடாது.

இனி தீனி. படத்தில் மூன்று வகை தெரிகிறது. பக்கவாட்டில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடுகிறதே, அது டானியோ. கொசுப்புழு, நறுக்கிய மண்புழு என்று எதைப் போட்டாலும் பாய்ந்து தின்னும், தொட்டியை விட்டும் பாயும். மேலே மூடி போடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பது கல்லொட்டி. அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தாடைக்குக் கீழே வட்டமாக ஒரு தட்டு. அதனால்தான் வெள்ளத்திலும் பாறையைப் பிடித்து நிற்கிறது. அது பாறைமேல் இருக்கும் வழவழப்பான பாசியைச் சுரண்டித் தின்று வாழ்வது, பிடித்துவந்த புதிதில் கடைத் தீனியைச் சீந்தாமல் போகலாம். நான் முதன்முதலில் வளர்த்த கல்லொட்டிகள் சுத்தமான தண்ணீரிலேயே, வயிறு குழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பட்டினி என்று எனக்குப் புரிந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. அதன்பிறகு மொட்டைமாடியில் ஒரு அகலத் தொட்டித் தண்ணீரில் கூழாங்கற்களை வெயிலில் போட்டுவைக்கிறேன். பத்துப் பதினைந்து நாளில் பச்சை பிடித்துவிடும். இரண்டு கல்லை மீன்தொட்டிக்குள் வைத்து, வழித்துத் தின்றதும் எடுத்து மறுபடி வெயிலில் போட்டுவிடலாம். தம்பிக்கு இந்த வேலையைக் கொடுங்கள், பிடித்துப்போகும்.

மூன்றாவது மீன்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உடம்பில் கருந்திட்டுகள், முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்ட கதிர்கள். டாக்கின்சியா தாமிரபரணியை என்ற கெண்டையாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு. பெயரில் இருக்கும் ஆற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன், அழியும் ஆபத்தில் இருப்பது. உங்கள் ஓடையும் கடைசியில் அந்த ஆற்றுக்குத்தான் போகிறது. இனி அந்த ஓடையில் வலை போட வேண்டாம் ஐயா. மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வன எல்லைக்குள் ஒரு மீனைக்கூடத் தொடக்கூடாது.

விற்பனைக்கு நான் வழி சொல்ல மாட்டேன். கேரளத்து ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்ற மீனை ஏற்றுமதிக்காக அள்ளி அள்ளியே அரிதாக்கினார்கள். 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அதைச் சேர்க்கும் நிலை வந்தது. வருமானம்தான் நோக்கம் என்றால் தொட்டியிலேயே பிறந்து வளரும் மோலி, கப்பியில் தொடங்குங்கள். சென்னை கொளத்தூரில் இதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இத்தனை சொல்லிவிட்டு, 'அப்படியானால் மிச்சத்தை ஓடையிலேயே விட்டுவிடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். கோல்டுபிஷ்ஷோடு ஒரே தண்ணீரில் இருந்துவிட்டன. கடை மீனில் மீன்பேனும் நங்கூரப் புழுவும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் இருக்கலாம்; அவை ஓடையில் இறங்கினால் அந்தக் கெண்டை இனத்துக்கே ஆபத்து. தொட்டித் தண்ணீரைக்கூட வாய்க்காலில் கொட்டாமல் தென்னைக்கு ஊற்றுங்கள். மிஞ்சிய ஒன்பதும் இனி உங்கள் வீட்டு மீன்கள். மூன்று வாரம் தினமும் உற்றுப் பாருங்கள். செதிலிலிருந்து நூல் மாதிரி ஏதாவது தொங்கினால் அது நங்கூரப் புழுவாக இருக்கலாம், உடனே படம் அனுப்புங்கள்.