டிவி ஆப் வாங்கும் முன்: உங்கள் வீடியோ எங்கே இருக்கிறது?

கேள்வி: ஹட்டி (படுகர் ஊர்) விழாக்கள், படுகப் பாடல்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட வீடியோக்கள் எங்கள் யூடியூப் சேனலில் உள்ளன. சேனலை இணைத்தால் போதும், டிவி ஆப் தயார் என்று ஒரு ஆப் பில்டர் நிறுவனம் ஓராண்டுக் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: இப்போது கட்டாதீர்கள். ஆப் பில்டர் தருவது மெனு, படப்பட்டியல், பிளேயர் இவ்வளவுதான். வீடியோ வேறொரு சர்வரிலிருந்து வர வேண்டும். அந்த பிளேயருக்குத் தேவை நேரடி வீடியோ முகவரி: எம்3யு8 என்று முடியும் எச்.எல்.எஸ். இணைப்பு (வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை), அல்லது எம்பி4 கோப்பு. யூடியூப் இதைக் கொடுப்பதில்லை. தன்னுடைய பிளேயருக்குள் வைத்துக் காட்டத்தான் அனுமதிக்கிறது. உள்ளிருந்து வீடியோவை உருவி ஓட்டுவது அதன் விதிமுறைக்கு எதிரானது. அப்படி உருவும் ஆப், யூடியூப் தன் பக்கத்தில் எதையாவது மாற்றிய அன்றே மொத்தமாக நின்றுபோகும்.

விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: “யூடியூபின் சொந்த பிளேயரில் ஓட்டுகிறீர்களா, இல்லையா?” ஆம் என்றால், அந்த வீடியோக்களுக்குப் பார்ப்பவரிடம் நீங்கள் சந்தா வசூலிக்க முடியாது. விளம்பரமும் யூடியூபின் கையில்தான். பார்ப்பவர் டிவியில் யூடியூப் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்காக இன்னொரு ஆப்புக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

சொந்த ஆப் வேண்டும் என்று முடிவு செய்தால், முதல் வேலை அசல் கோப்புகளைத் திரட்டுவது. ஹார்டு டிஸ்கில் இல்லாதவற்றை கூகுள் டேக்அவுட் (உங்கள் கணக்கில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் சேவை) வழியாக எடுங்கள். யூடியூப் ஸ்டூடியோவின் டவுன்லோடு பட்டன் 720பி-க்கு மேல் தராது. பிறகு விமியோ, பன்னி ஸ்ட்ரீம், கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் போன்ற ஒரு ஹோஸ்டிங்கில் (வீடியோவைத் தன் சர்வரில் வைத்து அனுப்பும் கட்டணச் சேவை) ஏற்ற வேண்டும். மாதச் செலவு இங்கேதான் ஏறும், ஆகவே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1080பி வீடியோ வினாடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. படுகரின் ஹெத்தை ஹப்பா திருவிழா வாரத்தில் 200 வீடுகள் இரண்டு மணி நேரம் பார்த்தால் 900 ஜிபி. பன்னி ஜிபி கணக்கிலும், கிளவுட்ஃப்ளேர் ஓடிய நிமிடக் கணக்கிலும் பணம் கேட்கின்றன. விமியோ மாதம் 2 டிபி என்ற வரம்பை 2022-இல் அறிவித்தது. “அன்லிமிடெட்” என்று ஆப் பில்டர் சொன்னால், அது ஆப்புக்கா, டேட்டாவுக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: விமியோ கணக்கை இணைத்தோம். பட்டியலும் படங்களும் வருகின்றன, வீடியோவைத் தொட்டால் கறுப்புத் திரை. ஆப் நிறுவனம் விமியோவைக் கைகாட்டுகிறது, விமியோ ஆப்பைக் கைகாட்டுகிறது.
– குன்னூர் ஸ்டூடியோ ஒன்றிலிருந்து

பதில்: பழி யார் மீது என்று நீங்களே பார்த்துவிடலாம். ஆப் பயன்படுத்தும் வீடியோ முகவரியைக் கேட்டு வாங்கி, கணினியில் விஎல்சி பிளேயரின் ‘நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ பகுதியில் ஒட்டுங்கள். அங்கே ஓடினால் கோளாறு பெரும்பாலும் ஆப் அல்லது டிவி பக்கம். அங்கேயும் ஓடாவிட்டால் ஹோஸ்டிங்கிலோ, அந்த முகவரியிலோ கோளாறு.

பட்டியல் வந்து வீடியோ மட்டும் வராததற்கு முதல் காரணம் டோக்கன், அதாவது உங்கள் விமியோ கணக்கைத் திறக்க ஆப்புக்குக் கொடுக்கும் சாவி. விமியோவில் டோக்கன் உருவாக்கும்போது ‘வீடியோ ஃபைல்ஸ்’ அனுமதியைத் தேர்வு செய்யாவிட்டால் தலைப்பும் படமும் வரும், கோப்பு முகவரி வராது. விமியோவின் சில திட்டங்களில் மட்டும்தான் இந்த அனுமதி கிடைக்கும். சந்தா எடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

காலையில் ஓடி மாலையில் நின்றால், முகவரி காலாவதியாகிவிட்டது என்று பொருள். கோப்பு முகவரிகளுக்கு ஆயுள் உண்டு. பழைய முகவரியைச் சேமித்து வைத்துக்கொண்டே ஆப் கேட்டால் சர்வர் 403 என்று மறுக்கும். ஒவ்வொரு முறை பிளே அழுத்தும்போதும் புது முகவரி எடுக்கும்படி ஆப் பில்டர்தான் மாற்ற வேண்டும்.

ஆண்ட்ராய்டு டிவியில் ஓடி, எல்ஜி, சாம்சங்கில் மட்டும் ஓடாவிட்டால் ஹோஸ்டிங்கில் ‘கார்ஸ்’ அமைப்பை (வேறு தளமோ ஆப்போ வீடியோவை எடுக்க சர்வர் தரும் அனுமதி) பாருங்கள். அந்த டிவிகளின் ஆப்கள் பெரும்பாலும் உலாவி போலவே இயங்குபவை, சர்வர் அந்த அனுமதியைத் தராவிட்டால் வீடியோ நுழையாது. சத்தம் மட்டும் வந்து படம் வராவிட்டால், அந்தக் கோப்பு எச்.இ.வி.சி. என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்கலாம், ஐபோன் பதிவுகளில் இது சாதாரணம். எச்.264 முறையில் படம், ஏ.ஏ.சி. முறையில் ஒலி என்று மாற்றி ஏற்றினால் பழைய டிவியிலும் ஓடும்.

கேள்வி: வீடியோக்களை கூகுள் டிரைவிலேயே வைத்து, ஆப் படிக்கும் பட்டியல் கோப்பான ஃபீடை எழுதி இணைத்தால் ஹோஸ்டிங் செலவு மிச்சம் அல்லவா?
– கூடலூர்

பதில்: வேண்டாம். டிரைவ் பகிர்வு இணைப்பு ஒரு வலைப்பக்கம், கோப்பு அல்ல. பெரிய கோப்பென்றால் வைரஸ் எச்சரிக்கைப் பக்கம் குறுக்கே வரும். பலர் பார்த்தால் வரம்பு தாண்டியது என்று பூட்டிவிடும்.

ஃபீட் எழுதுவது நல்ல யோசனை. எம்.ஆர்.எஸ்.எஸ். (வீடியோ பட்டியலுக்கான ஆர்.எஸ்.எஸ். வகை) வடிவில் தலைப்பு, கால அளவு, 16:9 படம், வீடியோ முகவரி ஆகியவற்றை உங்கள் சொந்த டொமைனில் வைத்தால், நாளை ஆப் பில்டரை மாற்றினாலும் அதே ஃபீடைக் கொடுக்கலாம். யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையேல் தமிழ்த் தலைப்பு கேள்விக்குறிகளாகும். தலைப்பில் ‘&’ குறி அப்படியே இருந்தால் மொத்த ஃபீடும் உடையும்.

கேள்வி: எந்த டிவிக்கு முதலில் ஆப் போடுவது? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் நெட் மிக மெதுவாகிவிடும்.
– மஞ்சூர்

பதில்: வெளிநாட்டு வழிகாட்டிகள் ரோகு என்ற அமெரிக்க டிவி தளத்தைப் பெரிதாகச் சொல்லும். உங்கள் பார்வையாளர் வீட்டில் இருப்பது ஆண்ட்ராய்டு டிவியும் ஃபயர் ஸ்டிக்கும்தான், அவற்றில் தொடங்குங்கள். ஆப்பை வெளியிடும் டெவலப்பர் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். கூகுள் ப்ளேவுக்கு ஒருமுறை 25 டாலர், அமேசானுக்குக் கட்டணம் இல்லை. ஆப் பில்டரின் கணக்கில் வெளியானால், சந்தாவை நிறுத்திய நாளில் ஆப்பும் அவர்களோடு போகும். 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கூகுள் ப்ளே கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும்.

மெதுவான நெட்டுக்கு எம்பி4 ஒத்துவராது. அதில் ஒரே ஒரு தரம், வேகம் குறைந்தால் படம் நிற்கும். எச்.எல்.எஸ். வேகத்துக்கேற்பத் தரத்தை இறக்கிக்கொள்ளும். ஆனால் இறங்குவதற்குக் கீழ்ப்படி இருக்க வேண்டும்: 240பி, வினாடிக்கு 400 கிலோபிட் அளவில் ஒரு படி இருக்கிறதா என்று ஹோஸ்டிங்கில் பாருங்கள். ஆண்டுக் கட்டணத்துக்கு முன் ஒரு மாதம் மட்டும் கட்டி, உங்கள் வீட்டு டிவியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், அதுவும் மழை பெய்யும் மாலையில்.