கேளுங்கள் டீச்சர்: பந்தம் பிடித்து வந்தவள்

போன மாதம் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "கிரேக்கர்களுக்கும் முச்சந்தியில் ஒரு சாமி இருந்தது" என்று ஒரு வரி எழுதித் தொலைத்தேன். இந்த மாதம் தபால்காரர் கொண்டுவந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பற்றித்தான். சமையல், சாதகம், பரீட்சை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெகேட் என்ற கிரேக்கத் தெய்வம் மந்திரத்துக்கும் பாதாள உலகத்துக்கும் அதிபதி என்று போனில் பார்த்தேன். நீங்கள் சொன்னது அவளைத்தானா? அவளுடைய வேலை உண்மையில் என்ன?
– உயர்தர மாணவர் ஒருவர், ஹட்டன்

அவளைத்தான். கிரேக்கர் வாயில் பெயர் ஹெக்காத்தே. நீங்கள் ஹெகேட் என்று சொன்னாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் "பாதாளத்துக்கு அதிபதி" என்பதை அடித்துவிடுங்கள். அங்கே ராஜா ஹேடீஸ், ராணி பெர்செபொனி. ஹெக்காத்தேக்கு அங்கே சிம்மாசனம் கிடையாது. அங்கே போகவும் தெரியும், திரும்பி வரவும் தெரியும், அவ்வளவுதான். மற்றவர்களில் அநேகருக்கு அது தெரியாது என்பதால் அதுவே பெரிய உத்தியோகமாகிவிட்டது.

ஏறக்குறைய கி.மு. 700இல் ஹெசியோட் என்ற புலவர் தெய்வங்களின் பிறப்பைப் பாடியபோது, இவளுக்கு மட்டும் நாற்பது வரிகள் ஒதுக்கினார். தகப்பன் பெர்சீஸ், தாய் அஸ்டெரியா. மண், கடல், வானம் மூன்றிலும் இவளுக்குப் பங்கு உண்டு. தெய்வங்களின் ராஜா சீயஸ் மற்ற எல்லோரையும்விட இவளைத்தான் மதித்தாராம். வழக்குத் தீர்க்கும் அரசனுக்குப் பக்கத்தில் இருப்பாள், போட்டியில் ஓடுகிறவனுக்கு ஜெயம் கொடுப்பாள், ஆடுமாடு பெருகச் செய்வாள், பிள்ளைகளை வளர்த்துவிடுவாள். மீன்காரனுக்கு வலை நிறையக் கொடுப்பாள். மனசு மாறினால் பிடித்த மீனையும் பறித்துக்கொள்வாள். அந்த நாற்பது வரியில் சூனியம் என்ற பேச்சே இல்லை. பாதாளமும் இல்லை.

பாதாளத்தோடு அவளைக் கட்டிப்போட்டது வேறொரு பாட்டு. டெமெட்டர் பயிர்பச்சைக்குத் தெய்வம். அவளுடைய மகள் பெர்செபொனி பூப்பறிக்கப் போன இடத்தில் ஹேடீஸ் தேரில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பிள்ளை கத்திய கத்தலைத் தன் குகைக்குள் இருந்து கேட்டவள் ஹெக்காத்தே. தாய் ஒன்பது நாள் சோறு தண்ணியில்லாமல், குளிக்காமல், இரண்டு கையிலும் பந்தத்தோடு அலைகிறாள். பத்தாம் நாள் விடியக்காலை ஹெக்காத்தே கையில் வெளிச்சத்தோடு எதிரே வந்து, "சத்தம் கேட்டேன், யாரென்று கண்ணால் காணவில்லை" என்று உள்ளதைச் சொல்கிறாள். பிறகு இரண்டு பேருமாகச் சூரியனிடம் போய் விசாரிக்கிறார்கள். கடைசியில் பிள்ளை திரும்பி வந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறவளும் இவள்தான். அன்றிலிருந்து இவள் பெர்செபொனிக்கு "முன்னே போகிறவள், பின்னே வருகிறவள்" என்று அந்தப் பாட்டு சொல்கிறது. நீங்கள் கேட்ட "வேலை" அதுதான், தம்பி.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம்தான், அந்த வரிசை வீடுதான், ஞாபகம் வரும். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், நாலாவது காம்பராப் பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதமாகக் கடிதமும் இல்லை, காசும் இல்லை. தாய்க்காரி கொழுந்து மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். ஐந்தாவது காம்பரா அத்தை மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நாள் காலை நாலு மணிக்கு, பழந்துணியைக் கம்பில் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக்கொண்டு வந்து, "வா, போவோம்" என்றார். முதல் பஸ் பிடிக்க மூன்று கட்டை நடக்கவேண்டும். அத்தை முன்னே, அந்த அம்மா பின்னே. பனியில் அந்தப் பந்தம் வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிள்ளை கிடைத்தது. ஆனால் வேலையை விட வீட்டு நிலைமை விடவில்லை. தீபாவளிக்கு வரும், பொங்கல் கழியப் போகும். பெர்செபொனியும் அப்படித்தான்: வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மிச்சம் தாயோடு. ஒவ்வொரு தடவையும் ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறவரும் கூட்டிக்கொண்டு வருகிறவரும் அந்த அத்தைதான்.

அப்படியானால் மந்திரக்காரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது?
– ஆசிரியை ஒருவர், பதுளை

கதவுக்காரியைக் கையில் போட்டுக்கொண்டால் உள்ளே நுழைவது சுலபம் அல்லவா? செத்தவர்களை வைத்து வேலை செய்ய நினைத்தவன் ஹேடீஸிடம் நேரே போகமாட்டான். போய்வரத் தெரிந்தவளைக் கூப்பிடுவான்.

கி.மு. 431இல் ஏதென்ஸில் மேடையேறிய யூரிப்பிடீஸின் நாடகத்தில், மருந்தும் நஞ்சும் தெரிந்த மெடியா, "என் அடுப்படியின் உள்ளே குடியிருப்பவள்" என்று ஹெக்காத்தே மீது சத்தியம் செய்கிறாள். பிறகு வந்த ஒரு காவியத்தில் அதே மெடியா தன் காதலன் ஜேசனுக்கு முறை சொல்லிக்கொடுக்கிறாள்: நடுச்சாமத்தில் ஆற்றில் குளி, கறுப்புத் துணி உடுத்து, தனியாகப் போய் வட்டமாகக் குழி தோண்டு, ஆட்டை அறுத்துப் படை, தேன் ஊற்று. முடிந்ததும் வந்துவிடு. காலடிச் சத்தம் கேட்டாலும் நாய் குரைத்தாலும் திரும்பிப் பார்க்காதே.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அண்ணனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது எங்கள் அப்பாயி கழிப்புக் கழிக்க என்னைத்தான் துணைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போகிற பாதையும், பெக்டரிக்குப் போகிற பாதையும், கோயில் பாதையும் சேர்கிற இடம். எலுமிச்சம்பழம், ஒரு முட்டை, அண்ணனின் பழைய சட்டைத் துண்டு, ஐந்து சதக் காசு. "திரும்பிப் பார்த்தா உன்னோட வந்துரும்" என்றார். நான் பார்த்தேன். மேட்டு லயத்து நாய் முட்டையை நக்கிக்கொண்டிருந்தது. ஹெக்காத்தேக்குரிய மிருகமும் நாய்தான். அவளுக்கு நாயையே பலி கொடுத்திருக்கிறார்கள், அவள் வருவதற்கு அடையாளமும் நாய்க் குரைப்புத்தான். இது எனக்குத் தெரியவந்தது முப்பது வருஷத்துக்குப் பிறகு. அன்றைக்கு அப்பாயி என் தலையில் குட்டியதோடு சரி.

செய்வினைத் தகடும் அவர்களிடம் இருந்தது. நம்மவர்கள் செம்பில் எழுதினால் அவர்கள் ஈயத்தில். எதிராளி பெயரைக் கீறி, சுருட்டி, ஆணி அடித்து, புதைகுழியிலோ கிணற்றிலோ போட்டார்கள். வழக்கில் எதிர்க்கட்சிக்காரனின் நாக்கைக் கட்டவேண்டும் என்று கேட்டவர்கள் ஏராளம். தெய்வங்களின் தூதன் ஹெர்மீஸ், பெர்செபொனி பெயர்களோடு ஹெக்காத்தே பெயரும் அதில் வரும். இப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளை வளர்த்துவிடுகிறவள் பில்லிசூனியக்காரியாகிப் போனாள்.

மூன்று முகம் எதற்கு? அவள் நம் காளியம்மன்தானே?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

முதலில் அவளுக்கும் ஒரு தலைதான். ஒன்றோடொன்று முதுகு சேர்ந்த மூன்று உருவமாக முதலில் செதுக்கியவர் அல்கமெனீஸ் என்ற சிற்பி, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அந்தச் சிலை ஏதென்ஸின் மலைக்கோட்டையான அக்ரோபொலிஸின் வாசல் பக்கம் நின்றது. மூன்று பாதை சேரும் இடத்தில் நிற்பவளுக்கு முதுகு என்று ஒன்று இருந்தால் ஒரு பாதை கவனிப்பில்லாமல் போய்விடும். மூன்று முகத்துக்கு எனக்குப் பட்ட நியாயம் இதுதான்.

காளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காளி தானே இறங்கி அசுரனை வெட்டுகிறவள். இவளும் இராட்சதர்களோடு நடந்த சண்டையில் பந்தத்தால் ஒருவனைச் சுட்டிருக்கிறாள்தான், ஆனால் அவளுடைய சொந்த இடம் வாசற்படி. ஏதென்ஸில் வீட்டுக்கு வீடு வாசலில் அவளுக்குச் சின்ன மாடம் இருந்தது. கையில் பந்தம், சாவி. இன்றைய துருக்கியில் லகினா என்ற ஊரில் இருந்த அவளுடைய கோயிலில் சாவியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமே போனார்கள்.

நம் பக்கத்தில் ஆளைத் தேடினால், தேயிலை பெக்டரியில் ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு, காவலான ரோதைமுனியைப் பாருங்கள். கை போகக்கூடிய இடத்தில் ஒரு சாமி. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி எடுக்கும் முன்னால் கும்பிட ஒரு கவ்வாத்துச்சாமி. எங்கே கொஞ்சம் பிசகினால் ஆள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆகிறதோ அங்கே நிற்பவர்கள் இவர்கள். அதற்காக ரோதைமுனியும் ஹெக்காத்தேயும் ஒன்றென்று யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் என் பெயரைப் போடாதீர்கள்.

என் மகளுக்குப் பதினேழு வயது. போனில் பார்த்துவிட்டு அமாவாசைக்கு இந்தச் சாமி பெயரில் காம்பராவில் மெழுகுதிரி கொளுத்துகிறாள். வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, டீச்சர்.
– ஒரு தாய், தலவாக்கலை

தங்கச்சி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கிற காம்பராவில் மெழுகுதிரியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அதை வெளியே, ஒரு தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

மற்றதைப் பற்றி மகளிடமே கேளுங்கள், திட்டாமல். அந்த வயதில் இருட்டில் ஒருத்தி வெளிச்சத்தோடு வருவாள் என்று நினைக்க ஒரு பிள்ளைக்குத் தோன்றுகிறது என்றால், ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. பரீட்சையா, பள்ளிக்கூடத்தில் யாரும் தொந்தரவா, கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறதா?

அப்படியே இதையும் சொல்லுங்கள். அமாவாசைக்கு அமாவாசை ஏதென்ஸின் பணக்காரர்கள் ஹெக்காத்தேக்கு முச்சந்தியில் சாப்பாடு வைப்பார்கள். வைத்த கை எடுக்குமுன் ஏழைகள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். கி.மு. 388இல் அரிஸ்டோபனீஸ் தன் நாடகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். சாமி யாரையும் அடித்ததாக அதில் இல்லை. எங்கள் அண்ணனும் காய்ச்சல் விட்ட கையோடு முச்சந்திக்குப் போய் அந்த ஐந்து சதத்தை எடுத்து, கடையில் கிம்புலா பணிஸ் வாங்கிப் பாதியை எனக்குக் கொடுத்தான். அறுபது தாண்டியும் கல்லுப்போல இருக்கிறான்.

உங்களுக்குப் பேய் பயம் உண்டா?
– நாலைந்து பேர், பல ஊர்கள்

பகலில் குளவிக்குப் பயம், இரவில் சிறுத்தைக்குப் பயம். போன கிழமைதான் டோர்ச்சுக்குப் புது பெட்டரி போட்டேன்.