அவ்வாவின் அண்டா: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

சில வருஷமாக உங்கள் எழுத்தை வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறேன்.

என் அப்பாவைப் பெற்றவரை நாங்கள் அவ்வா என்போம். ஆந்திராவில் இருக்கிற குப்பம் ஊருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். ராகி அளக்கும்போது மட்டும் தெலுங்கில் எண்ணுவார். அம்மா வழி முழுக்கத் தமிழ். என் கணவரின் குடும்பம் தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடம். எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பது தனிக்கதை, அதை விடுங்கள். என் மகளுக்கு நாலு வயது. என் அம்மாவை ஆயா என்பாள், மாமியாரை அஜ்ஜி என்பாள். சுவரில் படமாக இருப்பவர் அவளுக்கும் அவ்வாதான்.

பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி போன மாதம் வந்திருந்தான். எச்சில் துப்பி அனுப்பினால் முன்னோர் யார் யார் என்று சதவீதம் போட்டுச் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறதாம், வாங்கலாமா என்றான். அப்பா உடனே, "எங்க தாத்தா திப்பு சுல்தான் படையில குதிரைக்காரரா இருந்தவரு, அதுக்கு மேல என்னடா தெரியணும்" என்றார். என் கணவர், "முதல்ல கேஸ் புக் பண்ணினியா, அதைச் சொல்லு" என்கிறார். எனக்கோ தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா அக்கா?

வீட்டு விஷயம் இன்னும் ரெண்டு மூன்று. மகளுக்கு மொட்டை எந்தக் குலதெய்வத்துக்கு என்று இழுத்துக்கொண்டே போகிறது. அவ்வா கொண்டுவந்த பித்தளை அண்டா ஒன்று பரணில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. விளிம்பில் என்னவோ எழுத்து வெட்டியிருக்கிறது, எங்கள் யாருக்கும் படிக்க வரவில்லை. அதைப் போட்டுவிட்டுப் பெரிய குக்கராக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். அப்புறம், அவர் செய்கிற மாதிரி களி எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. இதையெல்லாம் உங்களிடம் எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வேலையாக அந்த அண்டாவைக் கடைக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பரிசோதனையை வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். விஞ்ஞானத்தின் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. நீங்கள் கேட்கிற கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான். நம் மரபணுவில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. அப்படியானால் உங்கள் அவ்வாவின் பங்கு உங்களிடம் சுமார் 25 சதவீதம், உங்கள் மகளிடம் சுமார் 12.5. இதுவும் சராசரிக் கணக்குதான். கூடப் பிறந்த உங்கள் தம்பிக்கே வேறு மாதிரி வரும். பத்துத் தலைமுறை மேலே போனால் கணக்குப்படி 1024 பேர். அவர்களில் பலருடைய துணுக்கு ஒன்றுகூட உங்களிடம் மிஞ்சியிருக்காது. அவர்கள் உங்கள் முன்னோர் இல்லை என்று அதற்காகச் சொல்லிவிட முடியுமா? மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில் அந்த 1024ம் நிற்காது. அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறந்த பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இருப்பதில்லை, ஆறு பேர்தான். அந்த நிறுவனங்கள் கொடுக்கும் சதவீதமோ அவர்களிடம் ஏற்கெனவே மாதிரி கொடுத்தவர்களோடு உங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் போடுவது. குப்பத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே கோடு கிழிக்க அதனால் ஆகாது. தெலுங்கு பேசினார் என்பது எச்சிலில் தெரியாது.

தம்பி விடாமல் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைய இந்தியர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு பழைய மக்கள்தொகைகளின் கலப்பில் வந்தவர்கள், அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றது அது. 2013இல் வந்த தொடர் ஆய்வு, அந்தக் கலப்பு சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாக நடந்தது, அதற்குப் பிறகுதான் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் பழக்கம் இறுகியது என்றது. சுத்தம் என்று சொல்லிக்கொள்ள இங்கே யாருக்கும் இடமில்லை. இது தெரிய நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

அப்பாவின் குதிரைக்காரருக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் தெருவுக்கு ஒரு வீட்டில் திப்புவின் படைவீரர் இருக்கிறார். ராயக்கோட்டை மலையையும் கிருஷ்ணகிரி மலையையும் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு வேறு யார் முன்னோராக வரமுடியும்? ஆனால் வருஷத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி, கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய்விட்டது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மட்டும் 1799 மே மாதம் திப்பு சாகும்வரை மைசூரோடு இருந்தது. உங்கள் அப்பாவின் வயதை எழுதவில்லை. 1950ஐ ஒட்டிப் பிறந்திருப்பார் என்று வைத்துக்கொண்டால், அவருடைய தாத்தா 1890 வாக்கில் பிறந்தவராக இருக்கவேண்டும். நடுவில் நூறு வருஷத்தை விழுங்கினால்தான் அவரைக் குதிரையில் ஏற்ற முடியும். அதற்காக அப்பாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். "தாத்தாவுக்கு இது யார் சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள். கதை சொன்னவரின் பெயர் கிடைத்தால் அது ஒரு தலைமுறை லாபம்.

அதே 1792இல்தான் அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரி இங்கே வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, இன்னின்ன நிலம் இன்னாருடையது, இவ்வளவு தீர்வை என்று எழுதினார்கள். விவசாயியிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு நம் ஊர்தான் தொட்டில். அன்றிலிருந்து சர்க்கார் காகிதம் நிலத்தின் பின்னாலேயே போகிறது, நிலம் ஆண்பிள்ளைகளின் பின்னால் போகிறது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றிலும் உங்கள் தாத்தாவைத் தேடலாம், அவருடைய அப்பாவையும் தேடலாம். அவ்வாவைத் தேடினால் கிடைக்க மாட்டார். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் வந்ததே 1989இல். அதற்கு முன் பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர் வருகிறதென்றால், பெரும்பாலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலை எழுதிக்கொடுத்த இடமாக இருக்கும், இல்லையென்றால் மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகக் கைநாட்டு வைத்த இடமாக இருக்கும். குலதெய்வமும் அப்படித்தான். கட்டிக்கொண்டு வந்த அன்றோடு பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமி போய்விடுகிறது. கலந்த குடும்பத்தில் கலப்பு வருவது பெரும்பாலும் பெண்கள் வழியாக. அவர்களைத்தான் காகிதம் விட்டுவிட்டது.

ஆனால் அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பாத்திரத்தோடு வந்தார்கள். பாத்திரத்தில் பேர் வெட்டுவது அந்தக் காலத்தில் கண்டிப்பான வழக்கம். கல்யாண வீட்டில் நாலு வீட்டு அண்டா ஒன்றாகக் கிடந்தால் எது யாருடையது என்று தெரியவேண்டுமே. பல நேரம் அதில் இருப்பது பெண்ணின் பெயராக இருக்காது. சீர் கொடுத்தவரின் பெயராக, அதாவது அப்பா, அண்ணன், தாய்மாமன் யாராவது ஒருவரின் பெயராக இருக்கும். சிலவற்றில் ஊரின் முதலெழுத்தும் இருக்கும். உங்கள் பரணில் இருப்பது உங்கள் அவ்வாவின் பிறந்த வீட்டார் கையெழுத்துப் போட்ட சாசனம். குக்கர் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

அண்டாவை இறக்கி, விளிம்பைப் புளி தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம். புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து ஆழமில்லாதது, தேய்ந்துபோகும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, எழுத்தின் மேல் விபூதியைத் தடவி மேலாக ஒற்றி எடுத்தால் பள்ளத்தில் வெள்ளை நின்றுவிடும். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேராக அடித்தால் பித்தளை பளபளத்து ஒன்றும் தெரியாது. படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த எழுத்து என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். எழுத்தின் தலையில் சாய்வாக டிக் போட்டதுபோல் இருந்தால் தெலுங்கு, படுக்கைக் கோடாக இருந்தால் பெரும்பாலும் கன்னடம். குப்பத்து அவ்வா என்பதால் தெலுங்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எங்கே பாத்திரம் வாங்கினார்களோ அந்த ஊர்க்காரர் தனக்குத் தெரிந்த எழுத்தில் வெட்டிக் கொடுத்திருக்கலாம். ஓசூரில் இருந்துகொண்டு ரெண்டையும் படிக்க ஆள் தேட வேண்டியதில்லை. உங்கள் மாமியாருக்குக் கன்னடம் படிக்க வருமா? வந்தால் முதலில் அவரிடமே காட்டுங்கள். அண்டாவைப் போடச் சொன்னவர் அப்புறம் அதைத் தொட விடமாட்டார்.

பெயர் கிடைத்த பிறகு அடுத்த வேலை மொய் நோட்டு. அப்பாவின் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருக்கும், அதில் இருக்கும். அப்பா கல்யாணம், அத்தைமார் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் எழுதி வைத்திருப்பார்கள். கொடுத்ததைத் திருப்பிச் செய்யவேண்டும் என்பதால் மொய்யில் யாரும் பொய் எழுதுவதில்லை. ஊர், பெயர், தொகை வரிசையாக இருக்கும். தாய்மாமன் வரிசை தனியாக நிற்கும், ஏனென்றால் அதுதான் பெரிய தொகை. அண்டாவில் உள்ள பெயரும் மொய்யில் தாய்மாமன் பெயரும் ஒரே குடும்பமாகப் பொருந்தினால் ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு நோட்டைப் புரட்டியபோது மாரிக்குப்பம், உரிகம் என்று கோலார் தங்கவயல் பெயர்களாக வந்தன. சுரங்க வேலைக்குப் போன ஒரு கிளை இருந்ததே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மூன்று ரூபாய் மொய் வைத்திருந்தார்கள். நாங்கள் திருப்பிச் செய்தோமா என்பது மட்டும் எழுதியிருக்கவில்லை.

குப்பத்துக்குப் போய்க் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று. அவ்வா வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் என்று இப்போது சொல்கிறோம். அவர் வாழ வந்த நாளில் குப்பம் சித்தூர் மாவட்டம், பாலக்கோடு சேலம் மாவட்டம், ரெண்டும் சென்னை மாகாணம்தான். 1953 அக்டோபரில்தான் ஆந்திரம் பிரிந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965, கிருஷ்ணகிரி பிரிந்தது 2004. அவர் எந்த எல்லையையும் தாண்டவில்லை, கோடு பிறகு வந்தது. அதனால் நில ஆவணமோ வேறு காகிதமோ தேடும்போது, தர்மபுரியில் இல்லை என்று கைவிரித்தால் சேலத்தையும் கேளுங்கள்.

காகிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் அடுப்படியையும் கொஞ்சம் கவனியுங்கள். தை மாதம் பச்சை மொச்சையை ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் குழம்பு வைப்பது எந்த வழியில் வந்தது? உகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளி, சித்திரை ஒன்றுக்குத் தனியாகப் பாயசம் என்று ரெண்டு வருஷப்பிறப்பும் நடக்கிற வீடா? தாத்தா வீட்டிலும் உகாதி இருந்ததா, அவ்வா வந்த பிறகு சேர்ந்ததா? அப்பாவுக்கு ஒப்பட்டு பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல வீட்டில் யாராலும் முடியாமல் போகலாம். பரவாயில்லை, கேளுங்கள். எழுபது தாண்டிய அத்தை யாராவது இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். உன் பூர்வீகம் என்ன என்று நேரே கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். தலைப்பிரசவத்துக்கு அவ்வா எந்த ஊருக்குப் போனார், யார் வண்டி கட்டிவந்து கூட்டிப்போனது என்று கேட்டால் பேச்சு நிற்காது.

மொட்டை விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லி உங்கள் வீட்டில் சண்டை மூட்டமாட்டேன். முறைப்படி குழந்தைக்கு அப்பா வழிச் சாமிதான், அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள். காதுகுத்தை உங்கள் பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மாமன் மடியில்தானே உட்காரவைக்கவேண்டும். பரிசோதனைக்கு வைத்த காசைத் தம்பி தோட்டுக்குச் செலவழிக்கட்டும்.

களி கட்டி தட்டுவதற்குக் காரணம் உங்கள் கை இல்லை. உங்கள் அம்மா வீட்டில் நொய்யரிசியை வேகவிட்டு அதன்மேல் மாவைக் கொட்டிக் கிளறியிருப்பார்கள். நொய் இருந்தால் மாவைத் தாங்கிக்கொள்ளும். மாமியார் செய்வது தனி மாவுக் களி, அதற்குப் பக்குவம் வேறு. ரெண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துக் கொதிக்கிற தண்ணீரில் முதலில் ஊற்றுங்கள். அது கஞ்சியாகக் கொதித்து வரும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் விடுங்கள். துடுப்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போடுங்கள், ஆவி மேலே வரட்டும். மாவு வெந்த வாசனை வந்த பிறகு தீயைக் குறைத்து, பாத்திரத்தின் பக்கத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்டுங்கள். கடைசியில் மூடிபோட்டுக் கொஞ்ச நேரம் புழுங்கவிட்டு, கையை நனைத்துக்கொண்டு உருட்டுங்கள்.

அந்த விளிம்பைப் படமெடுத்து அனுப்புங்கள். கேஸ் புக் பண்ணிவிட்டீர்களா?

அன்புடன்,
அக்கா