ஜிம்பாப்வே எழுத்தாளர்கள் ஏன் ஆங்கிலத்துல எழுதுறாங்க? ஷோனா, இன்டெபெலேன்னு சொந்த மொழில எழுதினா தானே அது விடுதலை இலக்கியம்?

கேள்வி எங்கேருந்து வருதுன்னு புரியுது. கென்யா எழுத்தாளர் கூகி வா தியாங்கோவ படிச்ச எல்லாருக்கும் இது வரும். இனிமே ஆங்கிலத்துல கதை எழுத மாட்டேன், தாய்மொழி கிக்குயுல தான்னு அவர் முடிவெடுத்தது கென்யாவுக்கு ரொம்ப சரி. அங்க கிராமத்து ஜனங்களோட சேர்ந்து கிக்குயுல நாடகம் போட்டதுக்குத்தான் 1977 கடைசி நாள்ல அவர புடிச்சு உள்ள வெச்சாங்க, அதுக்கு முன்னாடி ஆங்கிலத்துல அத்தனை நாவல் எழுதியும் யாரும் அவர தொடல. ஆனா அதே அளவுகோல தூக்கிட்டுப்போய் ஜிம்பாப்வேல வெச்சா கணக்கு இடிக்கும், ஏன்னா அங்க தாய்மொழில புத்தகம் போட ஏற்பாடு பண்ணதே வெள்ளைக்கார கவர்மென்ட் தான்.

1950கள்ல, ஊரு இன்னும் தெற்கு ரொடீசியாவா இருந்தப்போ, லிட்டரேச்சர் பீரோன்னு ஒரு அரசு ஆபீஸ் ஆரம்பிச்சாங்க. ஷோனாலயோ இன்டெபெலேலயோ கதை எழுதி கொண்டுபோனா அவங்களே படிச்சு திருத்தி, பதிப்பகமும் புடிச்சு குடுப்பாங்க. போட்டி வெப்பாங்க, எழுத வர்றவங்களுக்கு பயிற்சி நடத்துவாங்க, தேறினா புத்தகம் ஸ்கூல் பாடமா கூட ஆகும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அரசியல் பேசக்கூடாது, சர்ச்ச குத்தம் சொல்லக்கூடாது, நிலத்த யாரு புடுங்கினாங்கன்னு கேக்கவே கூடாது. மிச்சம் என்ன இருக்கும்? வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி நடந்த வீரக்கதை, இல்லன்னா கிராமத்துப் பையன் டவுனுக்குப் போய் குடிச்சு கெட்டு சீரழியற கதை. பாட்ரிக் சகைப்பான்னு ஒரு பாதிரியார் இந்த ரெண்டு வகையும் எழுதினார், ஷோனா ஜனங்க விழுந்து விழுந்து படிச்சாங்க, பின்னாடி அவர் தலைநகர் ஹராரேக்கே ஆர்ச்பிஷப் ஆனார். அந்தக் கதைங்கள மட்டமா பேச எனக்கு மனசு வரல, ஒரு தலைமுறைக்கு சொந்த மொழில கதை படிக்கிற பழக்கத்த உண்டாக்கினது அதுங்கதான். ஆனா விடுதலை இலக்கியம்னு அதை சொன்னா சகைப்பாவே சிரிச்சிருப்பார்.

இந்த வலைக்குள்ள ஓட்டை போட்டவங்களும் உண்டு. சாலமன் முட்ஸ்வைரோவோட 'ஃபேசோ' 1956-57 வாக்குல வந்துச்சு, ஷோனால அச்சான முதல் நாவல் அதுதான். ஏதோ பழைய காலத்துல மசோவே பள்ளத்தாக்குல ஒரு கூட்டம், பக்கத்துல ஒரு கொடுங்கோல் ராஜா, அவன் பொண்ண இவங்க ராஜாவுக்கு கட்டி வெக்க தூக்கிட்டு வரணும்னு கதை போகும். ஆபீசர் படிச்சா நாட்டுப்புறக் கதை, ஷோனாக்காரன் படிச்சா அந்தக் கொடுங்கோலன் யாருன்னு பளிச்சுனு தெரியும். நடுவுல நெஹாண்டாவ கூப்பிட்டு அழற மாதிரி ஒரு பாட்டு இருக்கு, இன்னும் எத்தனை நாள் நாங்க இப்படி கஷ்டப்படணும்னு கேக்குற பாட்டு. நெஹாண்டாங்கறது ஒரு ஆவி, 1896ல வெள்ளைக்காரங்கள எதிர்த்து கிளம்பின கலகத்துல அந்த ஆவி எறங்கி குறி சொன்ன அம்மாவ 1898ல தூக்குல போட்டாங்க. அப்படிப்பட்ட பேர வெச்சு ஒரு பாட்டு அரசாங்க ஆபீஸ் வழியா அச்சாகி வெளிய வந்துருச்சு! அப்புறம் கட்சிக் கூட்டங்கள்ல மைக்ல அதையே சொல்ல ஆரம்பிச்சதும்தான் கவர்மென்ட்டுக்கு உறைச்சு புத்தகத்த தடை பண்ணாங்க. அதே முட்ஸ்வைரோ எழுதின பாட்டுதான் 1994லேருந்து அந்த நாட்டோட தேசிய கீதம்.

இன்டெபெலே பக்கமும் ஆரம்பமே இப்படித்தான். 1956ல வந்த முதல் இன்டெபெலே நாவல் அதே 1896 கலகத்த பத்தினது, எழுதினவர் என்டபனிங்கி சித்தோலே, 1963ல ஜானுங்கற விடுதலைக் கட்சி ஆரம்பிச்சப்போ அதோட முதல் தலைவர் அவர்தான். அந்த மொழில எழுதின முதல் பெண்கள்ல முக்கியமானவங்க பார்பரா மகாலிசா, 1970கள்ல அவங்க நாவல் வர ஆரம்பிச்சுது. இவங்கள பத்தி வெளில யாரும் பேசமாட்டாங்க, ஏன்னா ஆங்கிலத்துல கிடைக்காது, லண்டன்ல பரிசும் கிடைக்காது. உங்க கேள்வில இருக்குற கோவம் நியாயமா பாயவேண்டிய இடம் இதுதான்.

இப்போ எனக்கு ரொம்ப புடிச்ச ஆள், சார்ல்ஸ் முங்கோஷி. 1972ல ஆங்கிலத்துல சிறுகதைத் தொகுப்பு போட்டார், 1974ல அத தடை பண்ணிட்டாங்க. 1975ல ஒரே வருஷத்துல ரெண்டு நாவல், ஷோனால 'ந்திகோ குபிந்தனா க்வமசூவா', ஆங்கிலத்துல 'வெயிட்டிங் ஃபார் த ரெய்ன்'. ஷோனா நாவல் ஒரு குடும்பத்த பத்தினது, புருஷன் ரெக்ஸ், பொண்டாட்டி ரிந்தாய், நொறுங்கிப்போற கல்யாணம். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மனசுலேருந்து பேசறாங்க, யாரு பேச்சையும் ஆசிரியர் நடுவுல வந்து திருத்துறதில்ல, இதுதான் நீதின்னு கடைசில யாரும் சொல்றதும் இல்ல. லிட்டரேச்சர் பீரோ கதைன்னா கெட்டவன் கடைசில கெட்டுப்போகணும், நல்லவ அழுது ஜெயிக்கணும்னு பழகினவங்களுக்கு இது பெரிய அடி. ஒரு வார்த்தை அரசியல் இல்லாம அந்த ஆபீஸோட மொத்த இலக்கணத்தையும் ஒடச்சுப் போட்டார் மனுஷன். தமாஷ் என்னன்னா அந்த வருஷமே அதே பீரோல எடிட்டரா வேலைக்கும் சேர்ந்தார், 1981 வரைக்கும் அங்கதான்.

'வெயிட்டிங் ஃபார் த ரெய்ன்' வேற மாதிரி. லூசிஃபர்னு ஒரு பையன் வெளிநாட்டுக்கு ஓவியம் படிக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கிராமத்துக்கு வர்றான். கறுப்பர்களுக்குன்னு ஒதுக்கி விட்ட, காஞ்சு வறண்ட ரிசர்வ் நிலம், நல்ல நிலமெல்லாம் வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான். மூத்தவன் கராபா ஊர் ஊரா மத்தளம் அடிச்சுட்டு திரியறவன், அப்பா அவன ஒதுக்கிட்டு படிச்ச சின்னவன குடும்பத்துக்கு தலைவன்னு சொல்லிடறார். லூசிஃபருக்கோ அந்த வீட்டு மேல ஒரே அருவருப்பு, இங்க பொறந்ததே என் சம்மதம் இல்லாம நடந்ததுங்கற அளவுக்கு நினைக்கிறான். இந்தக் கதைய ஆங்கிலத்துல எழுதினது எனக்கு சும்மா தற்செயலா தோணல, ஓடிப்போறவன் எந்த மொழில ஓடறானோ அதே மொழில அவன நிறுத்தி வெச்சு பாக்கறாரு. அப்புறம் 1987ல முங்கோஷி என்ன பண்ணார் தெரியுமா, கூகி ஆங்கிலத்துல எழுதின 'எ கிரெய்ன் ஆஃப் வீட்' நாவல ஷோனால மொழிபெயர்த்தார். ஆங்கிலமா தாய்மொழியான்னு பட்டிமன்றம் நடத்தாம ரெண்டுலயும் வேலைய பாத்துட்டு போன ஆளு.

பட்டிமன்றம் வேணும்னா டம்புட்ஸோ மரெச்சேரா இருக்கார். 1952ல ருசாபே ஊரோட கறுப்பர் குடியிருப்புல பொறந்தவர், ரொடீசியா யுனிவர்சிட்டிலேருந்து துரத்தினாங்க, ஆக்ஸ்ஃபோர்டுலேருந்தும் துரத்தினாங்க. 1978ல 'ஹவுஸ் ஆஃப் ஹங்கர்' வந்து மறு வருஷம் கார்டியன் பத்திரிகை பரிசு குடுத்தப்போ அந்த விழாலயே தட்டு கப்பெல்லாம் தூக்கி எறிஞ்சு ரகளை பண்ணார். ஏன் ஷோனால எழுதலன்னு கேட்டதுக்கு, எந்த சேரி வாழ்க்கைலேருந்து தப்பிக்கணும்னு துடிச்சேனோ அதுல ஷோனாவும் ஒரு பகுதிங்கற மாதிரி பதில் சொன்னார். ஆங்கிலத்தையும் அவர் கும்பிடல, அத புடிச்சு உதைச்சு கிழிச்சு அதுக்குள்ள சண்டை போட்டுட்டே எழுதினார். அவர் சொன்னத நான் அப்படியே ஒத்துக்கல, ஒரு மொழிய அந்தத் தெருவோட வறுமையோட சேத்து குப்பைல போடறது அநியாயம். ஆனா சும்மா வாய்க்கு வந்தத சொல்லலன்னும் தெரியும், அன்னைக்கு ஷோனால அச்சேறணும்னா எந்த வாசல் வழியா போகணும்னு மேல சொன்னேன்ல, அந்த ஆளு எழுதின ஒரு பக்கம் கூட அந்த ஆபீஸ தாண்டியிருக்காது. சுதந்திரம் வந்த அப்புறம் 1981ல அவரோட 'பிளாக் சன்லைட்'ட தடை பண்ணது முகாபே கவர்மென்ட், அதையும் சேர்த்து படிக்கணும். அப்பீல் பண்ணி அடுத்த வருஷம் தடைய எடுத்தாங்க. 1987ல 35 வயசுல செத்துட்டார்.

ட்ஸிட்ஸி டங்கரெம்ப்கா எழுதின 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' 1988ல லண்டன்ல ஒரு பெண்கள் பதிப்பகம் போட்டது. அதுல ஒரு சின்ன விஷயம் சொல்றேன், உங்க கேள்விக்கே எழுதின மாதிரி இருக்கும். கதை சொல்ற தம்புவோட அண்ணன் நாமோ, பெரியப்பா புண்ணியத்துல மிஷன் ஸ்கூல்ல படிக்கப் போனவன், லீவுக்கு வந்தா ஷோனாவே மறந்துபோச்சுங்கற மாதிரி நடிப்பான். ஆங்கிலம் தெரியாத அம்மாகிட்ட ஒண்ணு ரெண்டு வார்த்தை, அதுவும் தப்பும் தவறுமா. அம்மாவுக்கு பெருமையும் இருக்கு, புள்ள கைய விட்டு போறானேன்னு வயித்தெரிச்சலும் இருக்கு. ஆனா வீட்டுல ஏதாவது முக்கியமான விஷயம் பேசணும்னா மட்டும் அவன் ஷோனா அப்படியே முழுசா திரும்பி வந்துரும், பேச்சு முடிஞ்சதும் மறுபடி காணாம போயிரும்! இத ஆங்கில நாவல்ல, சிரிக்காம, கொஞ்சம் விஷம் வெச்சு தம்பு சொல்லுவா. அவளும் அதே படிப்புக்குத்தான் ஏங்கறா, சொந்தமா மக்காச்சோளம் வெதச்சு டவுனுக்கு கொண்டுபோய் வித்து ஃபீஸ் கட்ட பாத்தவ. அண்ணன் செத்ததால தான் அவளுக்கு அந்த இடம் கிடைக்குது, அவன் செத்ததுக்கு நான் வருத்தப்படலன்னு சொல்லித்தான் நாவலையே ஆரம்பிக்கிறா. இந்த நாவல 2023ல இக்னேஷியஸ் மபாசா ஷோனாவுக்கு கொண்டு வந்துட்டார், 35 வருஷம் கழிச்சு.

இப்போ வர்றது கொஞ்சம் கஷ்டமான விஷயம், ஆனா இத விட்டுட்டு இன்டெபெலே பத்தி பேசறதுல அர்த்தமே இல்ல. 1983லேருந்து சில வருஷம், இன்டெபெலே ஜனங்க வாழற மட்டபெலேலேண்ட் பக்கம் ஐந்தாம் படைப்பிரிவுன்னு வடகொரியா பயிற்சி குடுத்த ராணுவத்த முகாபே கவர்மென்ட் அனுப்புச்சு, குகுராஹுண்டின்னு சொல்வாங்க. ஆயிரக்கணக்கான பேர கொன்னாங்க, 20,000 வரைக்கும்னு மதிப்பீடு இருக்கு, பெரும்பாலும் இன்டெபெலே பேசற ஜனங்க. 1997ல கத்தோலிக்க நீதி அமைதி ஆணையம் விட்ட அறிக்கைய படிச்சா தெரியும், கிராமத்த ஒண்ணா நிக்க வெச்சு, செத்தவங்கள பொதச்ச குழி மேலயே ஆட வெச்சு, ஆளுங்கட்சி பாட்ட ஷோனால பாட வெச்சிருக்காங்க. மைக்ல நெஹாண்டா பாட்டு பாடி சுதந்திரம் கேட்ட அதே மொழி. ஷோனால எழுதினா விடுதலை இலக்கியம்னு அந்தப் பக்கத்து பெரிய ஊரான புலவாயோல போய் யாராவது சொல்ல முடியுமா?

இத நாவல்ல எழுதினவங்க இவான் வேரா, 2002ல, 'த ஸ்டோன் வர்ஜின்ஸ்', ஆங்கிலத்துல. கெசிங்கற கிராமம், ஒரு கடை, அக்கா தங்கச்சி ரெண்டு பேர். ஒரு பழைய கெரில்லா அக்காவ கொன்னுடறான், தங்கச்சி நொன்செபாவோட உதட்ட அறுத்துடறான். நடந்தத சொல்லவேண்டியவளுக்கு வாய் இல்ல. வேராவோட நடை ரொம்ப அழகா இருக்கும், சில சமயம் இவ்வளவு கொடூரத்துக்கு இவ்வளவு அழகான வாக்கியம் தேவையான்னு எனக்கு எரிச்சல் கூட வந்திருக்கு, ஆனா அந்த நொன்செபா ஆஸ்பத்திரில கிடக்கற பக்கங்கள வேற எப்படி எழுதியிருக்க முடியும்னு கேட்டா பதில் இல்ல. வேரா 1997லேருந்து 2003 வரை புலவாயோ நேஷனல் கேலரி டைரக்டரா இருந்தாங்க, 2005ல போயிட்டாங்க. 2010ல அதே கேலரில ஓவன் மசெக்கோங்கற ஓவியர் குகுராஹுண்டி பத்தி இன்டெபெலே தலைப்போட கண்காட்சி வெச்சார், திறந்த கையோட மூடி அவர கைது பண்ணிட்டாங்க. நாவல் ஆங்கிலத்துல இருந்ததால தப்பிச்சுதா, நாவல்ங்கறதால தப்பிச்சுதா, ரெண்டும் இருக்கலாம். அப்புறம் நோவயலெட் புலவாயோங்கற எழுத்தாளர் 2022ல 'க்ளோரி'ல மிருகங்கள வெச்சு இதே காயத்த தொட்டாங்க, புக்கர் இறுதிப்பட்டியல் வரைக்கும் போச்சு.

அதனால மொழி எதுன்னு பாத்து மார்க் போடாதீங்க, அந்த வருஷம் அந்த மொழில எத சொல்ல விட்டாங்க, யாரு அத காசு குடுத்து வாங்கினாங்கன்னு பாருங்க. ஷோனா, இன்டெபெலே புத்தகத்துக்கு இன்னைக்கும் பெரிய மார்க்கெட் ஸ்கூல் பாடத்திட்டம் தான், அதுல வராத புத்தகம் ஓடறது கஷ்டம். இருந்தும் மபாசா மாதிரி ஆளுங்க விடறதா இல்ல, அவரோட 'மபென்சி' 1999ல வந்த ஷோனா நாவல், சுதந்திரத்துக்கு அப்புறம் ஊரு எப்படி பைத்தியம் புடிச்சு கிடக்குன்னு பீரோ காலத்துல நினைச்சே பாக்கமுடியாத நக்கலோட சொல்லும். தென்னாப்பிரிக்கால ரோட்ஸ் யுனிவர்சிட்டில பிஎச்டி ஆய்வேட்டையே ஷோனால எழுதி பட்டம் வாங்கினார். ஆமா, ரொடீசியாவுக்கே பேர் குடுத்த வெள்ளைக்காரர் செசில் ரோட்ஸ் பேர் வெச்ச அதே ரோட்ஸ் தான்.

எங்க ஆரம்பிக்கலாம்னும் கேட்டிருந்தீங்க. மொதல்ல 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்', சுலபமா உள்ள இழுத்துக்கும். அடுத்து 'வெயிட்டிங் ஃபார் த ரெய்ன்', மெல்லத்தான் போகும், பொறுமையா படிங்க. வேராவ ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி எடுக்காதீங்க. மரெச்சேராவ மட்டும் கடைசிக்கு வெச்சுக்கோங்க, முதல் புத்தகமா அவர எடுத்து பாதில மூடி வெச்சவங்க நெறைய பேர எனக்குத் தெரியும்.