டெல்டாவின் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர்.)

திருவையாறு: தஞ்சாவூரில் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் ஒன்றா ஐயா?

இடம்தான் வேறு, கல்லூரி ஒன்று. ராசா மிராசுதார் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிரசவத்துக்கு அங்கே போங்கள். மெடிக்கல் என்பது வல்லம் சாலையில், காமராசர் முதல்வராக இருந்தபோது வந்தது.

பாபநாசம்: சரபோஜி மன்னர் காலத்தில் கண் அறுவை நடந்தது உண்மையா?

உண்மை. இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னராக இருந்தவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இன்னாருக்கு இன்ன நோய், இன்ன சிகிச்சை, பிறகு எப்படி இருந்தார் என்று எழுதி, நோயுற்ற கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். கத்தியைப் பிடித்தது மன்னரா, ஆங்கிலேய வைத்தியரா என்பதைவிட, ஒருவருக்குச் செய்ததை அடுத்தவருக்குப் பயன்பட எழுதி வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிது. மாணவர்களுக்குக் கற்பிக்கும் போதனா மருத்துவமனையின் வேலையே அதுதான். அவருடைய மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலில் பல மருத்துவ மரபுகளைச் சேர்ந்த வைத்தியர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். அங்கே கைகண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாகவும் எழுதினார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரத்தநாடு: அம்மா படுக்கையைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நாங்கள் ஏழைகள் என்பதால்தானே?

உங்கள் கோபம் புரிகிறது தம்பி. அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றால் மறுக்கலாம், திரை போடச் சொல்லலாம்; அது அவர் உரிமை. ஆனால் இதையும் கேளுங்கள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்று மாணவன் சொல்கிறான். மூச்சு இழுக்கும்போது ஈரல் இறங்கி வந்து விரலில் தட்டும். எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அது விரலுக்குத் தெரியாது. பெரிய டாக்டர் அவசரத்தில் கேட்காமல் விட்டதை மாணவன் கேட்டுக் கண்டுபிடிப்பதும் உண்டு. நாளைக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரப் போகிறவனும் அவன்தான். பழைய சீட்டுகளை அவனிடம் காட்டுங்கள்.

கும்பகோணம்: மூட்டு வலிக்கு எந்த மாத்திரை நல்லது?

இங்கே கேட்காதீர்கள். காலையில் ஓ.பி.க்குப் போங்கள், பழைய சீட்டோடு.

பட்டுக்கோட்டை: ராசா மிராசுதாரும் மெடிக்கலும் ஒன்றா?

முதல் பதில்.

மயிலாடுதுறை: எங்களுக்குச் சிதம்பரம்தான் பக்கம். அது பல்கலைக்கழக ஆஸ்பத்திரியா, அரசு ஆஸ்பத்திரியா?

இப்போது அரசு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985இல். 2013இல் பல்கலைக்கழகம் அரசின் கைக்குப் போனது. அப்புறமும் கட்டணம் குறையவில்லை என்று மாணவர்கள் போராடினார்கள். 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது.

சிதம்பரம்: பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்ததே தவறு. மரபு போய்விட்டது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசுக் கல்லூரி என்ற பிறகு, படிக்க வரும் பிள்ளை லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்பது எந்த மரபு?

சிதம்பரம்: கட்டணத்தைக் குறைத்திருக்கலாம். துறையை ஏன் மாற்ற வேண்டும்? ஆராய்ச்சி என்ன ஆகும்?

ஆராய்ச்சி பற்றிய கவலை நியாயம், அதை ஒத்துக்கொள்கிறேன். வார்டு நிரம்பி வழிந்தால் ஆசிரியருக்கு எழுத நேரம் இருக்காது. ஆனால் அதற்கு மருந்து கூடுதல் ஆசிரியர்கள்தான்.

மயிலாடுதுறை: நீங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். எங்கள் மாவட்டத்துக்குக் கல்லூரி?

கேட்க வேண்டிய கேள்வி அம்மா. திருவாரூருக்கு 2010இல் வந்தது, நாகைக்கு 2022இல். உங்கள் மாவட்டம் நாகையிலிருந்து 2020இல் பிரிந்தது. கல்லூரி அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மனுவில் வெறுமனே கல்லூரி வேண்டும் என்று எழுதாமல், உங்கள் ஊரிலிருந்து எத்தனை பேரை எந்த நோய்க்காக எங்கே அனுப்பினார்கள் என்று சீட்டுகளைத் திரட்டி இணையுங்கள்.