குதிரை கேள்வி பதில்: வார்ப் புண், வீங்கிய கால், திங்கட்கிழமை விறைப்பு

நவம்பர் பிறந்துவிட்டால் தொட்டபள்ளாபூர் பக்கத்துத் தைலமரத் தோப்பு, நந்தி மலை அடிவாரம், கனகபுரா சாலையிலிருந்து உள்ளே போகும் ராகி வயல் வழி என்று குதிரையைக் கிளப்பிக்கொண்டு போக பெங்களூரில் பலருக்கும் கை பரபரக்கும். அந்தச் சவாரிக்குக் குதிரையைத் தயார் செய்யும்போது வரும் சில்லறை உபாதைகள் பற்றித்தான் இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே.

கேள்வி (எலகங்கா வாசகி): அண்ணா, என்னுடையது ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற குதிரை, ஒன்பது வயது. ஜனவரியில் நண்பர்களோடு 20 கிலோமீட்டர் மண் பாதையில் போகலாம் என்று தினமும் ஓட்டிப் பழக்குகிறேன். முன்னங்காலுக்குப் பின்னால் வயிற்று வார் படும் இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போடுகிறார். நம்தாவை (சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு) மடித்து வைத்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டக்கூடாது தங்கச்சி. தோல் மூடி, தொட்டால் குதிரை சிலிர்க்காமல் நிற்கும் வரை அந்த இடத்தில் வார் ஏறவே கூடாது. நம்தாவை மடித்து வைத்தால் அழுத்தம் பக்கத்தில் நகருமே தவிர குறையாது, ஒரு புண் இரண்டாகும்.

மருந்து தேடுவதற்கு முன்னால் அந்த வாரைக் கையில் எடுத்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முந்தின நாள் வியர்வை உப்பாகக் காய்ந்து, உதிர்ந்த மயிரும் செம்மண்ணும் அதில் ஒட்டி, ஓரமெல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அதைத்தான் நாள் தவறாமல் குதிரையின் மெல்லிய தோலில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். சவாரி முடிந்ததும் வாரை அலசிக் காயப்போடுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் அதற்கு மட்டும் எந்த லாயத்திலும் ஆள் கிடைப்பதில்லை! இன்னொரு காரணமும் உண்டு. பழக்கப் பழக்க வயிறு உள்ளே போகும், முதுகில் சதை ஏறும், அதனால் முதல் மாதம் சரியாக உட்கார்ந்த சேணம் இரண்டாவது மாதம் முன்னால் வழுக்கும். சேணத்தை எடுத்தவுடன் முதுகைப் பாருங்கள். எல்லா இடமும் வியர்த்திருக்க ஒரு திட்டு மட்டும் காய்ந்து கிடந்தால், அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியே விட்டால் பிற்பாடு அங்கே வெள்ளை மயிர் முளைக்கும், அது பெரும்பாலும் போகாது.

புண்ணுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, காற்றாட விடுங்கள். மஞ்சள் எண்ணெய் வேண்டாம், அதில் தூசிதான் ஒட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் தோலும் வெந்துபோகும். நம் ஊர் ஈக்களுக்குத் திறந்த புண் என்றால் கொண்டாட்டம், புழு வைத்துவிடும், அதனால் புண்ணைச் சுற்றி (புண்ணின் மேல் அல்ல) ஈ விரட்டி தடவுங்கள். ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும், சின்னப் புண் போதும்.

அதுவரை பயிற்சி போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். கயிற்றில் பிடித்துக் கூடவே ஏற்ற இறக்கத்தில் நடத்துங்கள், தினம் முக்கால் மணி நேரம். ரேஸ் குதிரை வைத்திருப்பவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூச்சும் சதையும் சில வாரங்களில் ஏறிவிடும், குதிரையும் துள்ளும், நாமும் தயார் என்று நினைத்துவிடுவோம். ஆனால் தசைநாரும் எலும்பும் குளம்பும் கரடுமுரடான தரைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், ஏதாவது ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். ஜனவரி இல்லாவிட்டால் பிப்ரவரியில் போங்கள், பாதை எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி (ஓசூர் சாலை வாசகர்): காலையில் பின்னங்கால் இரண்டும் கணுக்கால் பக்கம் வீங்கியிருக்கிறது சார். கொஞ்ச தூரம் நடத்தினால் வற்றிவிடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: இரண்டு கால்களும் ஒரே மாதிரி வீங்கி, தொட்டால் சூடு இல்லாமல், வலி இல்லாமல், நடந்தால் வற்றுகிறது என்றால் பெரும்பாலும் ராத்திரி முழுக்க லாயத்தில் அடைபட்டு நின்றதால் வருவது. பகலில் கூடுதல் நேரம் வெளியே உலாவ விடுங்கள். ஒரே காலில் வீக்கம், அதுவும் பின்பக்கத் தசைநார் ஓரம் சூடாக, அழுத்தினால் காலை இழுக்கிறது என்றால் அந்தத் தசைநார் அடிபட்டிருக்கலாம். அன்றிலிருந்தே சவாரி நிறுத்தம், குளிர்ந்த தண்ணீர், டாக்டர். சூடு தெரியவில்லை என்பவர்கள் இரண்டு கால்களையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மூன்றாவதாக ஒன்று, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். கால் வீக்கத்தோடு அடிவயிற்றிலும் வீக்கம், விட்டு விட்டுக் காய்ச்சல், தின்றும் இளைத்துப் போவது என்று இருந்தால் அது 'சுர்ரா'வாக இருக்கலாம். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய் அது, மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் அதிகம். ரத்தப் பரிசோதனை செய்யாமல் பிடிபடாது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க அதன் வழக்கமான சூடு என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை. நலமாக இருக்கும்போதே சில நாள் எடுத்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி (சிவாஜிநகர் வாசகர்): ஏற்றம் ஏறி வந்ததும் மூச்சு இரைக்கிறது. சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டாதே, மேலே ஊற்றாதே, சதை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நிஜமா அண்ணா?

பதில்: பெரியவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர்கள் பக்கம் நிற்க முடியாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காக வெயிலில் குதிரைகளைக் குளிர்விப்பது பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்தது, நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கெடுதல் இல்லை, சூடு வேகமாக இறங்குகிறது என்றுதான் தெரிந்தது. கழுத்து, மார்பு, முதுகு எல்லாம் வாளி வாளியாக ஊற்றுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள். குடிக்கவும் விடுங்கள். வியர்வையில் உப்பும் போய்விடுவதால் தீனியில் தினம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாதா உப்பு சேர்க்கலாம், பக்கத்தில் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும்.

மூச்சு இரைப்பதைவிட நாடிதான் நம்பகமானது. தாடை எலும்பின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும், அங்கே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. சவாரி முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60 பக்கம் இறங்கிவிட்டால் உங்கள் பயிற்சி அளவு சரி. அரை மணி நேரம் ஆகியும் 64-க்கு மேலேயே நின்றால் அன்றைய வேலை அதிகம், அல்லது எங்கோ வலி இருக்கிறது.

கேள்வி (அல்சூர் வாசகர்): ஞாயிறு முழு ஓய்வு, கொள்ளும் ஓட்ஸும் வழக்கம்போல. திங்கட்கிழமை கால் மணி நேரம் ஓட்டியதும் பின்பக்கம் விறைத்து, வியர்த்து, நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. நடத்தினால் சரியாகுமா?

பதில்: நடத்தவே கூடாது, நின்ற இடத்திலேயே நிற்கட்டும். சதை உடைந்து நொறுங்கும் கோளாறு இது. வேலை இல்லாத நாளில் தானியம் குறையாமல் போனால் வரும், அதனால்தான் 'திங்கட்கிழமை நோய்' என்று பழைய பெயர். இதற்கே ஆளாகும் உடல்வாகு சில குதிரைகளுக்கு உண்டு, ரேஸ் இனத்தில் கொஞ்சம் அதிகம். சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் சிறுநீரகத்துக்கே ஆபத்து, உடனே டாக்டரை வரவழையுங்கள். இது இந்தப் பக்கத்தில் எழுதிக் கேட்கிற சமாச்சாரமே இல்லை. இனிமேல் ஓய்வு நாளில் கொள்ளையும் ஓட்ஸையும் பாதிக்கு மேல் குறைத்து, புல்லை நிறையப் போடுங்கள், அன்றும் கொஞ்சம் நடத்துங்கள்.

கேள்வி (ஹெசரகட்டா வாசகி): மழைக்குப் பிறகு குளம்பில் நாற்றம். கறுப்பாகக் கசிகிறது.

பதில்: குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் இருபக்கப் பள்ளத்தில் ஈரமும் சாணமும் தங்கி அழுகுவது. தினமும் கொக்கியால் சுத்தம் செய்து, துடைத்து, டாக்டர் சொல்லும் கரைசலைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். லாயத்துத் தரை காயாமல் எந்த மருந்தும் கேட்காது. குத்தினால் வலிக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். லாடம் அடிப்பவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள், கழன்ற பிறகு கூப்பிடுவது வேண்டாம்.

கேள்வி (ஜெயநகர் வாசகர்): லேசாக நொண்டுகிறது. நாம் போடும் வலி மாத்திரையே கொடுத்து ஞாயிற்றுக்கிழமை சவாரியை முடித்துவிடலாமா?

பதில்: கூடாது. வலி மறைந்தால் குதிரை அடிபட்ட காலையே முழுசாக ஊன்றும், அதற்குமேல் வயிற்றுப் புண், வியர்த்துக் களைத்த உடம்பில் சிறுநீரகக் கோளாறு. குதிரைக்கென்றே டாக்டர் கொடுக்கும் வலி மருந்தாக இருந்தாலும் அது ஓடும் நாட்களில் சவாரி இல்லை.

கேள்வி (அதே வாசகர்): சரி, பையில் என்னதான் எடுத்துப் போவது?

பதில்: குளம்புக் கொக்கி, சலைன் பாட்டில், பஞ்சு, அகலமான கட்டுத்துணி, லாடம் கழன்றால் மாட்ட ஒரு குளம்பு பூட்ஸ், டாக்டரின் எண், அப்புறம் ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர். அதன் முனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் போட்டு வால் மயிரில் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் அது கீழே விழுந்து உடையும், மீதி நேரம் உள்ளே போய்விடும்.